பாதிப் பல்

குவாரிக் கொட்டகை
ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் நலம்தானே? மூன்றாம் மாதம் என்றால் வாந்தி வரத்தான் செய்யும். அவளைப் பார்த்துப் பார்த்து நீ இளைத்துப் போகாதே.

இந்த லாரியில், சாக்குத் துணியும் பிளாஸ்டரும் சுற்றிய பெரிய கட்டு ஒன்று வருகிறது. நான்கு பேர் சேர்ந்து இறக்கவேண்டும். உள்ளே இருப்பது கல்லாகிப்போன பழங்கால முதலையின் மூக்கு. அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டி அளந்து பார்த்தார், இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் போதவில்லை. இத்தனை வருஷமாக இந்தப் பள்ளத்தில் பல், முதுகுத் தகடு, வால் எலும்பு என்று பொறுக்கிக்கொண்டிருந்தோம். தலை என்று ஒன்று கண்ணில் பட்டது இப்போதுதான்.

கல் வெட்டிக் கைவிட்ட பள்ளத்தின் கிழக்குச் சுவரில், முழங்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கம் உடைந்திருக்கிறது. மீதித் தலை சுவருக்குள் இருக்கிறதா, இல்லை அந்தக் காலத்து ஆறே அடித்துக்கொண்டு போய்விட்டதா என்று நீதான் சொல்லவேண்டும். உடைந்த முகத்தைச் சுத்தம் செய்து பார். இருக்கிறது என்றால் சுவருக்கு அடியில் குடைந்து போகவேண்டும். இல்லையென்றால் அந்தப் பாடு மிச்சம்.

சுவரின் மேலே ஒரு விரிசல் இருக்கிறது. பயப்படாதே. அத்தான் வழக்கம்போல விரிசலுக்குக் குறுக்கே ஒரு கை பிளாஸ்டரை அப்பிச் சாட்சி வைத்துவிட்டார். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் காய்ந்த பிளாஸ்டர் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். சாட்சி உடைந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும், திரும்ப உள்ளே போகக்கூடாது. நம் மூன்று பேருக்கும் அது சட்டம், மறக்கவில்லை.

கட்டின்மேல் அத்தானின் கட்டைவிரல் பதிந்திருக்கும் பக்கம் மேல்பக்கம். எதிர்ப்பக்கத்தைத் திற. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

மச்சான், உன் அக்கா என்னைவிட இந்த முதலையைத்தான் பாசமாகத் தடவிக்கொடுக்கிறாள். அத்தனை பல் இருந்தும் அது திருப்பிப் பேசுவதில்லை, அதனால்தான். — அத்தான்


அருங்காட்சியகப் பட்டறை
ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இங்கே நான் நலம். அவள் நலம் என்று எழுத முடியவில்லை. கொஞ்சம் ரத்தம் பட்டது. பிரசவம்வரை படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சமையல், துணி துவைப்பது, பட்டறை எல்லாம் நான்தான். நான் வைக்கும் ரசத்துக்குப் பயந்தே குழந்தை உள்ளே சமர்த்தாக இருக்கும் என்கிறாள்.

கட்டைத் திறந்துவிட்டேன். விரல் இருந்த பக்கத்தைக் கீழே வைத்து, மணல் தொட்டியில் உட்கார வைத்து, பின்பக்கத்தை ஊசியால் சுரண்டிப் பார்த்தேன். அக்கா, ஆறு உருட்டிய எலும்பாக இருந்தால் விளிம்பு தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருக்கும். இது கையைக் கிழிக்கிறது. என்றைக்கோ குவாரியில் வெடி வைத்தபோது அதிர்ந்து உடைந்து, மீதித் தலையிலிருந்து விலகி வந்திருக்கிறது. இன்னும் கேள். உடைந்த இடத்தில் ஒரு பல்குழி நட்டநடுவில் பிளந்திருக்கிறது. அதில் ஒரு பல் நெடுக்காகப் பிளந்து பாதி மட்டும் நிற்கிறது. மறுபாதி சுவருக்குள் உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். தலை அங்கேதான் இருக்கிறது, சத்தியம்.

இயக்குநர் வந்து பார்த்தார். மூக்கைத் தொடாமல் சுற்றிச் சுற்றி நடந்தார். புதுக் கூடத்தின் நடுவில் முழுத்தலையை வைக்கலாம் என்கிறார். தலை முழுசாக வராவிட்டால் கூடம் நாணயப் பிரிவுக்குப் போய்விடும், பட்டறையும் அதோடு போகும். அதனால் மழைக்கு முன்னால் எடுத்துவிட்டால் நல்லது.

சாட்சி எப்படி இருக்கிறது? ஒவ்வொரு கடிதத்திலும் எழுது.

அன்புடன்,
தம்பி


குவாரிக் கொட்டகை
ஆகஸ்ட் 5

அன்புள்ள தம்பிக்கு,

உன் வீட்டுக்காரியிடம் சொல், எழுந்து நடக்கும் யாரையும் பார்த்துப் பொறாமைப்படவேண்டாம், இங்கே நானும் நாள் முழுக்கப் படுத்தேதான் வேலை செய்கிறேன். சுவருக்கு அடியில் ஒரு ஆள் படுத்து நுழையும் அளவுக்குக் குடைந்திருக்கிறோம். நான் உள்ளே, அத்தான் வாசலில். நான் தள்ளும் கல்லை அவர் வாங்கி வெளியே போடுகிறார்.

நீ சத்தியம் வேறு செய்யவேண்டுமா? எலும்பு விஷயத்தில் நீ என்றைக்குப் பொய் சொன்னாய்? நாங்கள் எல்லோரும் மண்டை ஓடு என்று கொண்டாடியதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது இடுப்பெலும்பு" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னவன் நீ. அன்றைக்கு இயக்குநர் போட்டோக்காரரை வேறு கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நீ இருக்கிறது என்றால் இருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் குடைகிறேன்.

கழுத்துத் தகடுகள் நான்கு கிடைத்தன. இந்த லாரியில் வருகின்றன. சாட்சி முழுசாக இருக்கிறது. காலையில் உள்ளே போகும் முன்னால் அத்தான் அதைத் தடவிப் பார்க்கிறார், நான் சிரிக்கிறேன்.

குவாரி மேஸ்திரிக்கு மட்டும் எங்களைக் கண்டால் ஆகவில்லை. "சுவரு சும்மா நிக்குதேன்னு நெனைக்காதீங்கம்மா. அதுக்கு என்னிக்கு உக்காரணும்னு தோணுதோ அன்னிக்கு உக்காந்துடும், நம்மகிட்ட கேக்காது" என்கிறார். நல்ல மனுஷன்தான், வாய்தான் கொஞ்சம் அபசகுனம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

மச்சான், முதலையும் மூர்க்கனும் கொண்டது விடா என்பார்கள். இங்கே முதலை விட்டாலும் விடும்போல இருக்கிறது. இன்னொன்று யாரென்று நான் சொல்லவில்லை, எனக்கு ராத்திரிச் சாப்பாடு வேண்டும். — அத்தான்


அருங்காட்சியகப் பட்டறை
ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தகடுகள் பத்திரமாக வந்தன. அவள் அப்படியே இருக்கிறாள், குழந்தை அசைவதாகச் சொல்கிறாள். கை வைத்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கூடத்தில் மேடை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். முழுத்தலையின் நீளத்துக்கு என்னிடம் அளவு கேட்டார்கள். மூக்கை வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இன்னும் கையில் வராத எலும்புக்கு மேடை கட்டுவது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் கொடுத்தேன்.

உன்னை அவசரப்படுத்துவதாக நினைக்காதே. இங்கே மேகம் கட்ட ஆரம்பித்துவிட்டது, அங்கேயும் அப்படித்தான் இருக்கும். இரண்டு ஆள் கூடுதலாக வைத்துக்கொண்டால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றியது. சாட்சியைப் பற்றி எழுத மறக்காதே.

அத்தானின் வரிகளை அவளுக்குப் படித்துக் காட்டினேன். சிரிக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னதையும் மீறிச் சிரித்தாள்.

தம்பி


குவாரிக் கொட்டகை
செப்டம்பர் 22

தம்பிக்கு,

நலம். உடனே பதில் எழுத முடியவில்லை, வேலை அதிகம்.

கூடுதல் ஆள் வேண்டாம். கூலிக்கு இருந்த இரண்டு பேரும் விதைப்புக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். இடமோ ஒரு ஆள் படுக்கத்தான் போதும்.

இரண்டு கட்டு அனுப்பியிருக்கிறேன். தாடையின் பக்கவாட்டுத் துண்டுகள். அடுத்த லாரியில் பிளாஸ்டர் இரண்டு மூட்டை அனுப்பு. இருந்தது தீர்ந்துவிட்டது.

அத்தான் குவாரி ஆபீஸுக்குப் போயிருக்கிறார். அவர் வரும்வரை லாரி நிற்காது. அதனால் இதை இப்படியே கொடுத்துவிடுகிறேன்.

அவளைப் பார்த்துக்கொள்.

அக்கா


அருங்காட்சியகப் பட்டறை
செப்டம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து நான் நலமாக இல்லை.

கட்டுகள் இரண்டும் வந்தன. விரல் அடையாளம் இரண்டிலும் இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டு, ஒரு குத்துமதிப்பில் ரம்பத்தை வைத்தேன். நல்லவேளை, எலும்பு தெரிந்ததும் கையை நிறுத்திவிட்டேன். இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் தாடையை அறுத்திருப்பேன். கட்டு போட்ட விதமும் அத்தானுடையது இல்லை. அவர் சாக்குத் துணியை முறுக்கி மூலையில் மடிப்பார். இது ஏனோதானோ என்று சுற்றியிருக்கிறது. இது உன் கை. அத்தான் இருக்கும்போது நீ எதற்குக் கட்டுப் போடுகிறாய்?

பிளாஸ்டர் மூட்டைகளை அனுப்பிவிட்டேன். ஆனால் போன தடவை கொண்டுபோனதில் இன்னும் பத்து கட்டுப் போடலாமே. அத்தனையும் எங்கே போயிற்று?

சாட்சியைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. சாட்சி உடைந்ததா, அக்கா? ஆம், இல்லை, ஒரு வார்த்தை போதும். அத்தானை அவர் கையாலேயே ஒரு வரி எழுதச் சொல். கேலியாக இருந்தாலும் சரி, திட்டாக இருந்தாலும் சரி.

தம்பி


குவாரிக் கொட்டகை
அக்டோபர் 9

அன்புள்ள தம்பிக்கு,

நீ எலும்பைச் சுரண்டும் வேலையை விட்டுவிட்டுப் போலீஸில் சேர்ந்திருக்கலாம். கட்டைப் பார்த்து ஜாதகம் கணிக்கிறாயே! ஒரு மனைவி கட்டுப் போடக்கூடாதா? அத்தானுக்குக் கையில் கொஞ்சம் வலி. எழுதினால் கூடும் என்று நான்தான் பேனாவைத் தரவில்லை. திட்டுத்தானே வேண்டும், அவர் சார்பில் நான் திட்டுகிறேன், வாங்கிக்கொள்.

சாட்சி சாட்சி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். இன்று காலை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், சுவரில் இருக்கும் சாட்சி முழுசாக இருக்கிறது. போதுமா?

எலும்பு நெருங்கிவிட்டது. கல்லின் நிறம் மாறுகிறது. இரும்புத் துரு நிறத்தில் ஒரு கோடு ஓடுகிறது, நம் மூக்கைச் சுற்றி இருந்த அதே கோடு. இந்த நேரத்தில் என்னைத் தொந்தரவு செய்யாதே. நீ சத்தியம் செய்த தலையைத்தான் எடுக்கிறேன்.

இரண்டு நாள் தூறல். நின்றுவிட்டது. சின்னவளை, உன் வீட்டுக்காரியைத்தான், வெந்நீரில் கால் வைக்கச் சொல், கால் வீங்கியிருந்தால் குறையும்.

அக்கா


அருங்காட்சியகப் பட்டறை
அக்டோபர் 16

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது மனம் இல்லை.

லாரிக்காரரைத் தெரியுமே, வாய் ஓயாத மனிதர். முந்தாநாள் தகடுகளை இறக்கிவிட்டு வாயே திறக்காமல் நின்றார். டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "அம்மா சொல்லக்கூடாதுன்னாங்க" என்றார். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார்.

அத்தான் குவாரி ஆபீஸுக்குப் போகவில்லை. ஆகஸ்ட் கடைசியில், குடைவின் வாசலில் கல் வாங்க உட்கார்ந்திருந்தபோது மேலேயிருந்து ஒரு பாளம் பெயர்ந்து அவர் வலது தோளிலும் கையிலும் விழுந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட பிளாஸ்டர் இல்லாமல் நம் மூட்டையைத்தான் தூக்கிக்கொண்டு போனாயாம். விரல்களுக்கு உணர்வு வருமா என்று டாக்டருக்கே தெரியவில்லையாம். நீ காலையில் அவருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, தனியாகச் சுவருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாய். வாசலில் குரல் கொடுக்கக்கூட ஆள் இல்லை.

சாட்சியைப் பற்றியும் சொன்னார். "செவுரு பூரா வெள்ள வெள்ளயா இருக்கு தம்பி. அம்மா வெள்ளையடிக்கிறாங்களோன்னு நெனச்சேன்" என்றார். அக்கா, உடைய உடையப் பக்கத்தில் புதுசு ஒட்டியிருக்கிறாய். அதில் கடைசியாக ஒட்டியதைப் பார்த்துவிட்டு எனக்கு "முழுசாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். நம் சட்டத்தை உனக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டாய். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

எனக்குப் பயமாக இருக்கிறது. அவளை விட்டுவிட்டு வரவும் முடியவில்லை, நேற்றுகூட வலி வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவசரப்படுத்தியது நான்தான். மேடைக்கு அளவு கொடுத்தது நான்தான். நானே கேட்டுக்கொள்கிறேன், தலை வேண்டாம். கூடம் நாணயத்துக்கே போகட்டும். நீ வெளியே வந்துவிடு.

தம்பி


ஆஸ்பத்திரி வராந்தா
அக்டோபர் 20

தம்பிக்கு,

சின்னவளுக்கு இப்போது எப்படி இருக்கிறது? அதை முதலில் எழுது.

மறைத்தது தப்புத்தான். எழுதினால் நீ இயக்குநரிடம் சொல்வாய், அவர் வேலையை நிறுத்தச் சொல்வார் என்று மறைத்தேன். உன் வீட்டில் ஏற்கெனவே ஒரு நோயாளி இருக்கும்போது இன்னொரு பாரத்தை ஏற்றவேண்டாம் என்றும் மறைத்தேன். எது முதலில் என்று கேட்காதே.

அத்தான் படுத்துக்கொண்டே கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேலி பேசுவது நின்றுவிட்டது. நான் பயப்படுவது அந்த மௌனத்துக்குத்தான், சுவருக்கு இல்லை. அவர் கட்டைவிரலில் உளி வெட்டிய தழும்பை நான் தினமும் கிள்ளிப் பார்க்கிறேன். "வலிக்குதா?" என்று கேட்கிறேன். "கிள்றியா?" என்று கேட்கிறார்.

என்னை வெளியே வா என்கிறாய். வந்தால் அவர் கை எதற்காகப் போயிற்று என்று நான் அவருக்கு என்ன பதில் சொல்வேன்? ஒரு துண்டு மூக்குக்காகவா? தலையைக் கொண்டுவந்து அவர் கட்டில் பக்கத்தில் வைத்து, "பாருங்க, இதுக்காகத்தான்" என்று காட்டினால்தான் எனக்கு மூச்சு வரும். நியாயமா என்று தெரியாது. எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

மேஸ்திரி வாசலில் நின்று கத்துகிறார். அவர் சொல்லியும் கேட்கவில்லை, டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. தலை அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு என்னால் திரும்பி வரமுடியாது. அங்கே இருக்கிறது என்று சொன்னவன் நீ. இல்லை என்று தெரிந்தால் அந்த நிமிஷமே உளியைப் போட்டுவிடுவேன்.

அக்கா


அருங்காட்சியகப் பட்டறை
அக்டோபர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது வலி இல்லை. அத்தானின் உடல்நிலை குறித்து எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு முக்கியமான விஷயம். மூக்கின் உடைந்த முகத்தை மீண்டும் முழுமையாகச் சுத்தம் செய்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஜூலையில் நான் எழுதியது தவறு. கூர்மையான விளிம்பு என்று நான் நினைத்தது எலும்பு அல்ல, அதன்மேல் ஒட்டியிருந்த கல்லின் விளிம்பு. கல்லை நீக்கியபின் அடியில் இருக்கும் எலும்பு மழுங்கித் தேய்ந்திருக்கிறது. இது பழைய உடைவு. பாதிப் பல்லும் அந்தக் காலத்திலேயே உடைந்து தேய்ந்ததுதான். மண்ணில் புதையும் முன்பே ஆறு இந்த மூக்கைத் தனியாகப் பிரித்துக் கொண்டுவந்து போட்டிருக்கிறது.

ஆகவே மீதித் தலை அந்தச் சுவரில் இல்லை. நீ பார்க்கும் துருநிறக் கோடு வெறும் இரும்புக் கறையாகத்தான் இருக்கும். இனி அங்கே தோண்டுவதில் பயன் இல்லை.

இதை லாரிக்காரரிடம் நேரில் கொடுத்து அனுப்புகிறேன். உன் கையில் கொடுத்துவிட்டுத்தான் திரும்பவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். படித்ததும் வெளியே வந்துவிடு, அக்கா.

தம்பி


ஆஸ்பத்திரி வராந்தா
நவம்பர் 15

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் உயிரோடு இருக்கிறோம். மற்றதெல்லாம் பிறகு.

இத்தனை நாள் நீ என்ன பாடு பட்டிருப்பாய் என்று தெரியும். மழையில் பாலம் மூழ்கிவிட்டது, லாரியும் இல்லை தபாலும் இல்லை. இன்றுதான் வழி திறந்தது.

உன் கடிதம் வந்தபோது நான் உள்ளே படுத்திருந்தேன். லாரிக்காரர் குடைவுக்குப் பக்கத்தில் வரவே பயந்து, பள்ளத்தின் மேலே நின்று, "தம்பி ஒங்க கையில குடுக்கச் சொன்னாரு, நீங்க வராம நான் போகமாட்டேன்" என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். வேறு வழியில்லாமல் வெளியே வந்தேன். வெயிலில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து படித்தேன்.

பழைய உடைவு, மழுங்கிய விளிம்பு, தேய்ந்த பல். தம்பி, அதைப் படித்தபோது அந்தப் பல்லின் மறுபாதி பஞ்சில் சுற்றி என் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு நாளைக்கு முன்னால்தான் எடுத்தேன். கத்தி மாதிரி பிளந்த பாதி. அதற்குப் பின்னால் தாடை, அதற்கும் மேலே கண்குழி, எல்லாம் வரிசையாக உள்ளே போகிறது. முழுசாக எடுத்தபின் எழுதலாம் என்று இருந்தேன்.

முதலில் எனக்கு வந்தது கோபம். எலும்பைப் பற்றியே பொய் எழுதும் அளவுக்கு இவன் எப்போது கெட்டுப்போனான் என்று கடிதத்தைக் கசக்கிவிட்டேன். உளியை எடுத்துக்கொண்டு குடைவின் வாசல்வரை போனேன். குனிந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

போட்டோக்காரர் முன்னால் இயக்குநர் முகம் சுண்டிப்போனாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொன்னவன் நீ. அக்கா சந்தோஷத்துக்காகக்கூட இடுப்பெலும்பை மண்டை என்று சொல்லாதவன். அப்படிப்பட்டவன் உட்கார்ந்து, அடித்தல் திருத்தல் இல்லாமல், பரீட்சை எழுதுகிற மாதிரி ஒரு பொய்யை எழுதியிருக்கிறாய். எவ்வளவு பயந்திருந்தால் எழுதியிருப்பாய்! சுவரில் நான் ஒட்டியதெல்லாம் உடைந்தது. உடைந்தால் என்ன, பக்கத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டேன். உனக்குப் பக்கத்தில் யாரை ஒட்டுவேன்? அன்றைக்கு உடைந்த சாட்சி நீதான். சட்டம் சட்டம்தான் என்று உளியைப் போட்டுவிட்டேன்.

லாரிக்காரரும் மேஸ்திரியும் சாமான்களை மேலே ஏற்றினார்கள். இரண்டாம் நாள் மழை பிடித்தது. சுவர் பெரிய சத்தம் எதுவும் போடவில்லை. மேஸ்திரி சொன்ன மாதிரியே, களைத்துப்போன ஆள் உட்காருவதுபோல உட்கார்ந்தது. நான் படுத்திருந்த இடத்தின்மேல் இப்போது ஒரு வீட்டளவு கல் கிடக்கிறது. தலை அதற்கு அடியில் இருக்கிறது. நம் காலத்தில் யாரும் அதை எடுக்கப்போவதில்லை.

அத்தானிடம் வந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். நீ எழுதியதையும் படித்துக் காட்டினேன். கூரையிலிருந்து கண்ணை எடுத்து என் பக்கம் திரும்பினார். பிறகு, "இத்தன நாளா எல்லாரும் தப்பா சொல்லிட்டிருக்காங்க. நெஜமான முதலைக் கண்ணீர் இதுதான்" என்றார். ஆகஸ்டுக்குப் பிறகு அவர் செய்த முதல் கேலி. நான் இன்னும் அதிகமாக அழுதேன்.

ஒரு சின்னக் கட்டு அனுப்பியிருக்கிறேன். மறுபாதிப் பல் அதில் இருக்கிறது. பொருத்திப் பார். எந்தப் பக்கம் திறப்பது என்று நான் சொல்லப்போவதில்லை, கட்டையே பார்த்துக்கொள்.

சின்னவளைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா


அருங்காட்சியகப் பட்டறை
நவம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

அவளும் நானும் நலம். குழந்தை உதைப்பது இப்போது எனக்கே தெரிகிறது. இன்னும் அவளை எழ விடவில்லை.

பாலம் மூழ்கிய செய்தி பேப்பரில் வந்தது. அந்த நாட்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, நேரில் வரும்போது திட்டிக்கொள்கிறேன்.

இயக்குநரிடம் உள்ளதைச் சொன்னேன். தலை அங்கே இருக்கிறது, எடுக்க முடியாது, எடுக்கக்கூடாது என்றேன். "இருக்குன்னு தெரிஞ்சும் விட்டுட்டு வந்துட்டாங்களா?" என்று கேட்டார். "ஆமா, நான்தான் வரவெச்சேன்" என்றேன். கூடம் கைவிட்டுப் போயிற்று. நாணயக்காரர்கள் மேடையை அளந்துகொண்டிருக்கிறார்கள். மூக்கு மாடிப்படிக்குப் பக்கத்தில் நிற்கும். பட்டறை இந்த வருஷம் இருக்கும், அடுத்த வருஷம் தெரியாது.

உன் கட்டை மேஜையில் வைத்துத் திருப்பினேன். ஒரு மூலையில் சாக்குத் துணி முறுக்கி மடிக்கப்பட்டிருந்தது, கோணலாக. அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல். முன்பெல்லாம் நகம்வரை பதியும், இது மேலாகத் தொட்ட அளவுதான். ஆனால் குறுக்கே உளித் தழும்பு தெரிந்தது. வலது கை. உட்கார்ந்துவிட்டேன், அக்கா. அவளிடம் கொண்டுபோய்க் காட்டலாமா என்று பட்டறையைப் பூட்டப் போய்விட்டு, திரும்பி வந்து வேலையை முடித்தேன்.

எதிர்ப்பக்கத்தைத் திறந்தேன். பல்லின் இரண்டு பாதியையும் பசை இல்லாமல் சேர்த்து வைத்தேன். ஒரு சின்னச் சத்தத்தோடு உட்கார்ந்தது. இப்போது எங்கே பிளந்தது என்று நகத்தால் தடவினாலும் தெரியவில்லை.

திறந்தபின் பிளாஸ்டரைக் குப்பையில் போடுவது நம் வழக்கம். விரல் பதிந்த துண்டை மட்டும் அறுத்து எடுத்து, பட்டறைச் சுவரில் விரிசல் ஒன்றும் இல்லாத இடமாகப் பார்த்து ஒட்டியிருக்கிறேன். காலையில் வந்ததும் அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

தம்பி